பொருக்கு இல்லாத மூக்கு

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களே, உங்களில் பாதிப் பேர் காதுக்காக வந்திருப்பீர்கள், மீதிப் பேர் கேட்ட இடம் கிடைக்காமல் வந்திருப்பீர்கள். மூக்குக்காகவே வந்தேன் என்று சொல்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் அப்படி வரவில்லை. ஆனால் வந்த பிறகு மூக்கு என்னை விடவில்லை. ஓய்வு பெற்றபின்னும் ஆரணிக் கடைத்தெருவில் காய்கறி வாங்க நின்றால், "சளி டாக்டரம்மா போறாங்க பாரு" என்று யாராவது சொல்கிறார்கள். வாங்கிய பட்டங்களை எல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், ஊர் கொடுத்த பட்டம் இதுதான்.

அறுவை சிகிச்சை செய்யச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், வீடியோக்களும் இருக்கின்றன. நான் பேச வந்தது அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி. கருவிகளை எல்லாம் எடுத்து வைத்த பிறகு மூக்கு தானாகவே ஒரு வேலையை ஆரம்பிக்கிறது. அந்த வேலைக்கு நாம் உதவலாம், இல்லையென்றால் இடைஞ்சல் செய்யலாம். கையில் கேமராவும் இடுக்கியும் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் செய்வதுதான் சுலபமாக வரும்.

சில வருடங்களுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் ஆரணியில் ஒரு சின்ன மருத்துவமனையில் இருந்தேன். சேவூரிலிருந்து தனசேகர், கோமதி என்று ஒரு தம்பதி வருவார்கள். இரண்டு பேரும் பட்டு நெசவாளிகள். வீட்டில் ஒரு கைத்தறி, தனசேகர் நெய்வார், கோமதி நூல் சுற்றித் தருவாள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

பிறந்த அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. அழுதால் குழந்தை சிவப்பாக இருந்தாள், அழுகை நின்றால் நீலமானாள். மூக்கு தொண்டைக்குள் திறக்கும் பின்வாசல் இரண்டும் பிறவியிலேயே மூடியிருந்தன. பிறந்த குழந்தைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாது, அழும்போது வாய் திறப்பதால் மட்டும் காற்று கிடைக்கும். அதாவது உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அவள் அழுதுகொண்டே இருக்க வேண்டும். வாயில் ஒரு குழாயை வைத்து அன்றைக்கே சென்னைக்கு அனுப்பினோம். அங்கே ஒரு நல்ல சர்ஜன், என்னைவிடப் பல வருடம் இளையவர், மூக்கு வழியாகவே போய் அடைப்பை எடுத்து இரண்டு வாசலையும் திறந்துவிட்டார். குறை சொல்ல முடியாத வேலை. ஊரோடு இருந்து கவனித்துக்கொள்ளட்டும் என்று எங்களிடம் திருப்பி அனுப்பினார்.

அதுவரை குழாய் வழியாகத்தான் பால் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு வந்த பிறகுதான் கோமதி முதல்முறையாகக் குழந்தையை மார்பில் போட்டுப் பால் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் உட்கார்ந்திருந்த யார் யாரிடமோ எல்லாம் அதைச் சொன்னாள். கேட்டவர்களுக்கு அதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. பிறகு ஒரு காலையில் தனசேகர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஜல்தியா பாருங்கம்மா, விடியக்காலைலேந்து கர்ரு கர்ருன்னு இழுத்துகினே இருக்குது."

கோமதி பின்னாலேயே வந்தாள். "பாலுக்கு வாய வைக்குதுங்க, ரெண்டு வாய் குடிச்சிட்டு உதறிட்டு அழுவுது. மறுபடியும் டியூப்ல ஊத்தச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த ஒன்றுதான் கவலை. மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் மயக்க மருந்து என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருந்தது.

அன்று என்னோடு பணியில் இருந்தவள் டாக்டர் நிவேதா, படிப்பு முடித்து வந்த புதிது. கெட்டிக்காரி, என்னைவிட வேகம். நான் கையைக் கழுவுவதற்குள் அவள் குழந்தையின் மூச்சை வீடியோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டாள். சர்ஜன் உடனே கூப்பிட்டார்.

"மறுபடி மூடிக்கிட்டு வருது மேடம். இன்னைக்கே அனுப்பிடுங்க. விரிச்சு விட்டு, திரும்ப மூடாம இருக்க உள்ள ஒரு குழாய் வச்சுடறேன். தியேட்டர் சொல்லிட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு வாசல் மறுபடியும் சுருங்குவது நாம் எல்லோரும் பயப்படுகிற விஷயம்தான். "ஆம்புலன்ஸ் சொல்லிடட்டுமா மேடம்?" என்று நிவேதா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அனுப்பிவிட்டால் நம்மை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த நிம்மதியின் மேல் வருகிற ஆசை ரொம்பப் பெரியது, பிள்ளைகளே. அது வரும்போது ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

"முதல்ல உள்ள பார்க்கலாம்" என்றேன்.

மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தேன். வலது வாசல் பாதிக்கு மேல் திறந்திருந்தது. இடது பக்கம் சிவந்து, சதை தடித்து, வழி குறுகியிருந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று இருந்தது. விருந்தாளி வருகிற வீட்டுக் கூடம் மாதிரி அந்த மூக்கு சுத்தமாக இருந்தது. ஒரு பொருக்கு கூட இல்லை.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூக்குக்குள் எலும்பையும் சவ்வையும் எடுத்த இடம் ஒரு புண். அந்தப் புண்ணின் மேல் முதலில் பொருக்கு படிகிறது, நம் ஊர்ப் பேச்சில் பக்கு. அதற்கு அடியில், ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிப் புதுத் தோல் மெல்ல ஊர்ந்து வருகிறது. ஈரமான, வெங்காயச் சருகைவிட மெல்லிய தோல். அது மூடிய பிறகுதான் சளியைப் பின்னால் தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் முளைக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சளி போக வழியில்லாமல் தேங்கும், மூக்கு அழுக்காகத்தான் இருக்கும். நாம் விடுகிற உப்புநீர் அந்த மயிர்களின் வேலையைத் தற்காலிகமாகச் செய்கிறது. ஆக, ஆறிக்கொண்டிருக்கும் மூக்கைப் பார்த்தால் கண்ணுக்கு நன்றாக இருக்காது. இந்தக் குழந்தையின் மூக்கு கண்ணுக்கு நன்றாக இருந்தது. யாரோ அந்தப் பொருக்கைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"மூக்குல எண்ணெய் விடறீங்களா?" என்று கோமதியைக் கேட்டேன்.

"இல்லீங்கம்மா. நீங்க வேணாம்னு சொன்னீங்களே."

"குளிப்பாட்டும்போது யாராவது மூக்குல ஊதறாங்களா? சாம்பிராணி போடறீங்களா?"

"ஐயய்யோ, அந்தப் புகையே வீட்ல காட்டறதில்லீங்க."

"தண்ணி சொட்டு விடறீங்க இல்ல?"

"வேளா வேளைக்கு உடறோம்."

எல்லாம் உண்மை. அந்த இரண்டு பேரும் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. நாம் செய்யாதே என்று சொன்னவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை. இந்த இடத்தில்தான் நம்மில் பல பேர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். நாம் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிற தப்புகளை மட்டும் கேட்டால், நாம் யோசிக்காத தப்பு வெளியே வராது. 'புரிந்ததா' என்று கேட்பது இன்னும் மோசம். படவேட்டிலிருந்தும் சந்தவாசலிலிருந்தும் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் எல்லாம் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

"வீட்ல மூக்கை எப்படிச் சுத்தம் பண்றீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்றேன்.

கோமதி புருஷனைப் பார்த்தாள். "அது அவரு வேலைங்க" என்றாள்.

தனசேகர் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நிதானமாக, நகக்கண் வரைக்கும். நம்மில் பல பேர் அப்படிக் கழுவுவதில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் கொஞ்சம் பட்டு இழைகள் இருந்தன, சாயம் போடாத வெள்ளைப் பட்டு. அதில் சிலவற்றைப் பிரித்து, வேட்டியை விலக்கித் தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரு உருட்டு உருட்டினார். நுனி ஊசிபோல மெலிந்த ஒரு திரி கையில் நின்றது. அதை உப்புநீரில் நனைத்தார். கோமதி குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ள, திரியை மூக்கின் அருகே கொண்டுபோனார்.

நிவேதா ஏதோ கத்தப் போனாள். அதற்குள் நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "போதும் தனசேகர், பார்த்துட்டேன்."

அவருக்குத் தான் செய்தது தப்பு என்ற எண்ணமே இல்லை. உற்சாகமாகச் சொன்னார். "சோடாவுல காய்ச்சி பசை எடுத்த பட்டுங்கம்மா, குத்தவே குத்தாது. சென்னைல மூக்க சுத்தமா வச்சிக்கணும்னு அந்த நர்ஸம்மா கண்டிசனா சொன்னாங்க. சளி உறிஞ்ச அவங்க குடுத்த டியூப்பு பிளாஸ்டிக்கு, பாப்பாவுக்கு வலிக்குமேன்னு நானே யோசிச்சி செஞ்சேன். திரிய லேசா சுத்திகினே உள்ள உட்டா, எங்க பக்கு தட்டுதுன்னு வெரல்லயே தெரிஞ்சிடும். அப்படியே சுத்தி இழுத்தா ஒட்டிகினு வந்துடும். உள்ள ஒண்ணு நிக்க உடல."

எனக்கு முதலில் கோபம் வந்தது, அடுத்த நொடியே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கப் புடவையில் ஒரு பிசிறு தெரிந்தால் எடுத்துவிட்டு மறுவேலை பார்த்த மனுஷன். மகளின் மூக்கில் ஒரு பக்கு இருந்தால் அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அந்த நர்ஸ் சொன்ன சுத்தம் வேறு, தறியில் உட்காருபவர் அறிந்த சுத்தம் வேறு. அவ்வளவு தேர்ந்த விரல்கள் மட்டும் அவருக்கு இல்லாமல் இருந்திருந்தால் குழந்தையின் மூக்கு இந்நேரம் ஆறியிருக்கும்.

"தனசேகர், பக்குக்கு அடியிலதான் புதுத் தோல் வளருது" என்றேன். "நீங்க மேல இருக்கறத எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துடுது. மறுபடியும் புண்ணாகுது. உடம்பு அவசர அவசரமா அதை மூடப் பார்க்குது, அதனாலதான் சதை தடிச்சுப் போச்சு."

அவர் கையிலிருந்த திரியைப் பார்த்தார். "அப்போ நாந்தான் மூடினேனா?" என்றார்.

"இன்னும் மூடல" என்றேன்.

இதற்குப் பிறகுதான் உண்மையான பிரச்சினை. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் குழந்தை திணறிக்கொண்டுதானே இருக்கிறாள்? சென்னைக்கு அனுப்பி விரித்துவிட்டால், ஏற்கெனவே சீறிக்கொண்டிருக்கும் சதையில் இன்னொரு புண். ஒவ்வொரு முறை புண்ணாகும்போதும் தழும்பு கெட்டியாகும், அடுத்தமுறை வாசல் இன்னும் சீக்கிரம் சுருங்கும். அனுப்பாமல் வைத்துக்கொண்டு, இடது பக்கம் முழுக்க அடைத்து வலதும் அடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் சர்ஜனை அழைத்துப் பட்டுத் திரியைப் பற்றிச் சொன்னேன்.

"சரி மேடம், ஆனா இப்போ வழி குறுகியிருக்கறது நிஜம்தானே?"

"நிஜம்தான். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் குடுங்க. யாரும் எதுவும் தொடாம இருந்தா என்ன ஆகுதுன்னு பார்க்கறேன்."

"உங்க பொறுப்பு மேடம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

குழந்தையை வார்டில் சேர்த்தோம். பால் குழாய் வழியாக. உப்புநீர், வீக்கம் குறைக்கும் சொட்டு மருந்து, அவ்வளவுதான். வாயில் வைக்கும் குழாயைத் தலைமாட்டிலேயே வைத்தேன். தூங்கும்போது மானிட்டரில் ஆக்ஸிஜன் எந்த அளவுக்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டும் என்று நிவேதாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அந்த எல்லையைத் தலை குளிர்ந்திருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு முடிவு செய்தால், அந்த நேரத்துப் பயமோ அசட்டுத் தைரியமோதான் முடிவு செய்யும்.

மறுநாள் காலை சத்தம் அதிகமாகியிருந்தது.

அது ஏன் என்று இப்போது சொல்வது சுலபம். பொருக்கு படிய ஆரம்பித்திருந்தது, அது இடத்தை அடைக்கத்தானே செய்யும்? ஆனால் வார்டுக்குள் நுழையும்போதே கேட்ட அந்தக் கரகரப்பில் என் நியாயங்கள் எல்லாம் ஆட்டம் கண்டன. பயந்தேன். நன்றாகவே பயந்தேன். கோமதி அழுதுகொண்டிருந்தாள்.

"பக்கு வெளியிலயே தெரியுதுங்கம்மா. அவரு ஒரே ஒருவாட்டி எடுத்துட்டா சரியா பூடும். சொல்லுங்கம்மா."

தனசேகர் சுவர் ஓரமாக நின்றிருந்தார். இரண்டு கைகளையும் அக்குளில் செருகி வைத்திருந்தார். "என்னை எடுக்கச் சொல்லாதீங்க" என்றார்.

நிவேதா என்னைத் தனியாக இழுத்துப் போனாள். "மேடம், தப்பா நினைக்காதீங்க. சத்தம் நேத்தைவிட அதிகம். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணுமா? இன்னொரு தடவை உள்ள பார்த்து, அந்தப் பக்கையாவது உறிஞ்சி எடுத்துடலாமே."

நியாயமான கேள்வி. எடுத்தால் அந்த நிமிடமே சத்தம் குறையும். கோமதி கும்பிடுவாள். நிவேதா நிம்மதியாக மூச்சு விடுவாள். நானும்தான். நேற்று வரை தனசேகர் செய்த அதே வேலையை, நாம் படித்த கையால், ஸ்டீல் கருவியால் செய்திருப்போம்.

"மூக்கைப் பார்க்காத, குழந்தையைப் பாரு" என்றேன். இரண்டு பேரும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நிறம் நன்றாக இருந்தது. விலா எலும்புகள் உள்ளே இழுக்கவில்லை. மானிட்டர் எண் நாங்கள் வைத்த எல்லைக்கு மேலேயே நின்றது. முக்கியமாக, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு கிடைக்காத குழந்தை இப்படி நிம்மதியாகத் தூங்காது. சத்தம் வேறு, திணறல் வேறு. சத்தம் நம்மைத்தான் படுத்துகிறது, குழந்தையை அல்ல. இதை நிவேதாவிடம் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா என்று தெரியவில்லை. உப்புநீரை மட்டும் அடிக்கடி விடச் சொன்னேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிடாமலேயே மூடி வைத்தேன்.

சாயங்காலம் சென்னைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வார்டுக்குத் திரும்பினேன். கோமதி சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தாள், கண்ணை இறுக்கி மூடினாள், ஒரு தும்மல் போட்டாள். அந்த உடம்புக்கு அது பெரிய தும்மல். கோமதியின் புடவையில் ஏதோ வந்து விழுந்தது. மிளகு அளவுகூட இல்லாத ஒரு பழுப்புப் பக்கு. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"தானா வந்துச்சிம்மா!" என்று கோமதி கூவினாள். "யாரும் தொடல, தானா வந்துச்சி!"

கேமராவை விட்டுப் பார்த்தேன். பொருக்கு விழுந்த இடத்தில் ரத்தம் இல்லை. வெளிர் ரோஜா நிறத்தில், பளபளவென்று, ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய தோல் இறங்கியிருந்தது. இடது பக்கத்துச் சிவப்பு சற்றே தணிந்திருந்தது. நிவேதா திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். சர்ஜனிடமிருந்து பதில் வந்தது: "தியேட்டரை கேன்சல் பண்றேன். இனிமே நானும் செஞ்சு காட்டச் சொல்லிக் கேக்கறேன்." அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. தான் திறந்த வாசலை இன்னொரு முறை திறக்காமல் விட எல்லா சர்ஜனாலும் முடியாது.

அதன்பிறகும் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. சில வாரம் சத்தம் வரும், போகும். சளி பிடித்தால் மூன்று பேரும் பேஜாராகிவிடுவார்கள். தனசேகர் ஒவ்வொருமுறையும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தத் தோல் கொஞ்சம் முன்னேறியிருக்கும், தடித்த சதை கொஞ்சம் வற்றியிருக்கும். நாம் செய்ததெல்லாம் வழிவிட்டதுதான். இத்தனை வருட வேலையில் எனக்கு மிகவும் திருப்தி தந்த சிகிச்சைகளில் அதுவும் ஒன்று.

சில மாதம் கழித்து ஒரு நாள் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். கேமராவில் இரண்டு வாசலும் வட்டமாகத் திறந்திருந்தன, உள்ளே எல்லாம் ஈரமாக, ஒரே நிறமாக இருந்தது. கேமரா விட்ட கோபத்தில் குழந்தை கட்டிடம் அதிர அழுதாள். பால் கொடுத்துச் சமாதானப்படுத்து என்று கோமதியைத் தடுப்புக்குப் பின்னால் அனுப்பினேன். தனசேகர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, தறியில் புதிதாகப் போட்டிருக்கும் புடவையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்திவிட்டார். காதைத் தீட்டிக் கேட்டார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, சத்தமே கேக்கலீங்க. ஜல்தியா வாங்க."

நானும் எழுந்து ஓடினேன். தடுப்புக்குப் பின்னால் கோமதி குனிந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் வாய் நிறையப் பால், கண் மூடியிருந்தது, மார்பு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கோமதி தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"கத்தாதீங்க. மூக்காலதான் மூச்சு வுடுது. குடிச்சிகினே தூங்கிட்டுது."

தனசேகர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.